இருபதுக்கு இருபது வாங்கிய தண்ணீர்

மாநகர மன்றக் கூடத்தில் எல்லா நாற்காலிகளையும் துடைத்து வைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. மேடைக்கு நேர் எதிரே தனியாகக் கிடந்த அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவரை நேற்று மதியத்திலிருந்து காணவில்லை.

"துடைக்கப் பயப்படறாங்க டீச்சர்," என்றான் சோடா. "வந்து விரல் வெச்சுப் பார்ப்பாங்கன்னு பயமா, வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சதால அலட்சியமா, அதுதான் புரியல."

டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் துப்பறிய வந்து பல வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. சோடாவின் பெயர் அவன் மூக்குக் கண்ணாடியின் தடிமனால் வந்தது. அவன் வைத்திருந்த ஸ்கூட்டரும் பேச்சும் ஒரே மாதிரி. இரண்டுக்கும் பிரேக் கிடையாது.

பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். காணாமல் போனவரின் கணவர். பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் ஊசி ஏற்றுகிற கை இன்று ஒரு கைபேசியைக்கூட நிலையாகப் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

"இதைப் படிங்க டீச்சர். நேத்து சாயங்காலம் அவ போன்லேருந்து மன்றத்துக்கு வந்திருக்கு. 'உடல்நிலை சரியில்லை. நாளைய கூட்டத்துக்கு வர இயலாது.' எனக்கு ஒரு வார்த்தை இல்ல. போனும் அணைஞ்சு கிடக்கு."

"உண்மையிலேயே உடம்பு சரியில்லாம இருக்கலாமே?"

"கடைவாய்ப் பல்லை நானே பிடுங்கினேன் ஒரு தடவை. வாய்ல பஞ்சோட அன்னைக்கே ஒரு ஊருக்குப் போய் மார்க் போட்டுட்டு வந்தவ. அவளா படுத்துக்குவா?"

"போலீஸ் என்ன சொல்லுது?"

"'வீட்ல சண்டையா சார்?'னு கேட்டாங்க. நாளைக்கு வரச் சொன்னாங்க."

நாளை என்பது இந்த விஷயத்தில் மிகவும் தாமதம். ஏன் என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றத்துக்கும் வருடத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். ஒரு வாரம் சுற்றுவார். குப்பை அள்ளினார்களா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்தார்களா, வந்தவர்கள் விழித்திருந்தார்களா என்று பார்ப்பார். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அந்தத் தனி நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண்ணைத் தன் வாயால் சொல்ல வேண்டும். முன்கூட்டி எழுதித் தரக் கூடாது. கசிந்துவிடும் என்று வைத்த விதி. நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனால் மன்றம் கலைந்து, மறுபடி தேர்தல். மதிப்பீட்டாளர் ஐந்து மணிக்கு வந்து சேராவிட்டால் போன வருட மதிப்பெண்ணே இந்த வருடத்துக்கும்.

போன வருட மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு.

"இப்ப மணி மூணரை," என்றான் சோடா. "அஞ்சு மணி வரைக்கும் அவங்களை எங்கேயாவது அடைச்சு வெச்சா போதும். அப்புறம் விட்டுடுவாங்க இல்லையா டீச்சர்?"

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அஞ்சு மணிக்கு வராம இருந்தா மார்க் நிக்கும். ஆறு மணிக்கு வந்து வாயைத் திறந்தா அந்த மார்க்கும் போகும், அடைச்சு வெச்சவனும் போவான். விடுவான்னு நினைக்கிறியா?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

மேடை ஓரமாக மன்றத் தலைவர் வந்தார். வெள்ளை உடுப்பு, வியர்வை, பின்னால் நான்கு பேர். அவருக்கும் பின்னால், எந்த அவசரமும் இல்லாமல், கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர். எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்றார்கள். போன வருடம் இதே ஊருக்கு மதிப்பெண் போட்டவர் அவர்தான். அடுத்த மாதம், எல்லா ஊர் மன்றங்களையும் மேற்பார்வை செய்யும் வாரியத்துக்கே தலைவராகப் போகிறார். இந்த வருடம் புது மதிப்பீட்டாளருக்கு ஆலோசகராக வந்திருந்தார்.

"அந்தம்மாவுக்கு உடம்பு சுகமில்லன்னு எங்களுக்கும் வருத்தம்தான்," என்றார் தலைவர்.

"உங்களுக்கு லாபம்னு வெளியில பேசிக்கிறாங்க," என்றார் டீச்சர்.

தலைவர் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். "கேட்டே புட்டீங்களே! இந்த மன்றம் கலைஞ்சா மறுபடி நிப்பேன்மா. ஜனங்க ஆறு மாசத்துல மறந்துடுவாங்க. ஓட்டு வாங்கத் தெரிஞ்சவன் மார்க்குக்காக ஆளைத் தூக்குவானா?"

"தம்பி, நீங்க உக்காருங்க," என்று பெரியவர் பல் டாக்டரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். "அவ எனக்கு மக மாதிரி. ஒண்ணும் ஆயிருக்காது. நான் உங்க கூடவே இருக்கேன்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்பணும்னாரே. மார்க் விஷயம் அஞ்சு மணிக்குத்தான். அந்தப் பட்டன் வேலையை முன்னாடியே முடிச்சுடுங்களேன். நல்ல காரியம் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"அதுவும் சரிதான் ஐயா. நாலரைக்கு வெச்சுக்கலாம்."

மேடை நடுவே ஒரு பெட்டியில் பெரிய பச்சைப் பட்டன். பக்கத்தில் பளிங்கு நீரூற்று. அதைப் பற்றிக் கேட்காமலே தலைவர் விளக்கினார்.

"புதுக் குடிநீர்த் திட்டம். இங்க அழுத்தினா ஊர்க்கோடியில நீரேற்று நிலையத்துல மோட்டார் ஓடும். ஆத்துத் தண்ணி நிலத்தடித் தொட்டிக்குள்ள பாய்ஞ்சு நிரம்பும். அங்கிருந்து ஊர் முழுக்க, இந்த ஊத்து வரைக்கும் வரும். போன வருஷமே பெரியவர் இதுக்கு இருபதுக்கு இருபது போட்டார். திறப்பு விழாதான் தள்ளிப் போச்சு."

*

வெளி வராந்தாவில் சுகாதார மேற்பார்வையாளர் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஊரைச் சுத்தமாக வைப்பவர் என்பதைவிட, யார் கண்ணில் எது படும் என்று கணக்குப் போடுபவர் என்று சொன்னால் பொருந்தும்.

"மார்க் மேடமா? ஐயோ, அவங்க ஒரு தினுசும்மா," என்றார். "வந்த அன்னைக்கு ரோட்டோரம் அழகா பிளீச்சிங் பவுடர் கோடு போட்டு வெச்சேன். கார்லேருந்து இறங்கினாங்க. ஒரே தும்மல், மூச்சுத் திணறல். 'நாத்தத்தை மறைக்கிற வேலை எனக்கு வேண்டாம், இனிமே பவுடரைப் பார்த்தா மார்க் குறைப்பேன்'னுட்டாங்க. அன்னையிலேருந்து ஊர்ல ஒரு சிட்டிகை பவுடர் கிடையாது. மூட்டையெல்லாம் கிடங்குல பூட்டிட்டேன். ஒவ்வொரு மதிப்பீட்டாளருக்கும் ஒவ்வொரு ருசி. அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறதுதானே எங்க பிழைப்பு?"

"மாமியாருக்கு ஏத்த மருமக," என்றான் சோடா.

"அதேதான் தம்பி!" என்று அவர் பெருமைப்பட்டார்.

டீச்சர் அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது சோடாவைக் காணவில்லை. கட்டடத்தின் பின்பக்கமிருந்து வந்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். குடிநீர்த் திட்டம் திறக்கிற இடத்துல தண்ணி லாரிக்கு என்ன வேலை?"

"லாரியா?"

"மேடைக்குப் பின்னால நிக்குது. ஒரு குழாய் ஜன்னல் வழியா உள்ள போகுது. கிட்டப் போய்ப் பார்த்தேன், டிரைவர் அடிக்க வந்துட்டார். குளிக்க ஆசைப்பட்டவனை இப்படியா துரத்தறது?"

டீச்சர் ஒரு நொடி நின்றார். அந்தக் கேள்வியை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல மேடத்தைத் தேடுவோம். வண்டியை எடு."

"எங்கன்னு தேடறது? ஊர் என்ன கைக்குட்டை அளவா?"

"ஊரைத் தேட வேண்டாம். எங்க பெருக்கியிருக்காங்கன்னு தேடு."

சோடா கிக்கரிலிருந்து காலை எடுத்தான்.

"எங்க ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா ஹெட்மாஸ்டர் எல்லா வகுப்பையும் வெள்ளையடிக்க மாட்டார். இன்ஸ்பெக்டர் நுழையப் போற வகுப்பை மட்டும்தான். சுவத்தைப் பார்த்தே அவர் எங்கெல்லாம் போவார்னு பசங்க சொல்லிடுவாங்க. இந்த ஊரும் அப்படித்தான். மேடம் கால் வைக்கிற இடத்துக்கு முன்னாடி விளக்குமாறு போயிருக்கும். எங்க பெருக்க வேண்டிய அவசியமே இல்லையோ, அங்க பெருக்கியிருந்தா அதுதான் நமக்கு வேணும்."

"துப்புரவுதான் துப்பு," என்று முணுமுணுத்தபடி சோடா வண்டியைக் கிளப்பினான்.

*

மார்க்கெட் தெரு பளபளத்தது. அடுத்த தெருவில் குப்பை மலை. ஆஸ்பத்திரி வாசலில் புதுச் சுண்ணாம்பு, பின்வாசலில் தேங்கிய சாக்கடை. பள்ளிக்கூடச் சுவரில் பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. எல்லாம் மேடம் போவதாக அறிவித்திருந்த இடங்கள். ஊர் முழுவதும் ஒரு முகத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பவுடர் பூசியது போல இருந்தது.

பஸ் டெப்போ தாண்டியதும் கடைகள் நின்றன. வீடுகளும் நின்றன. பழைய டயர்கள், முட்புதர், பாதி கட்டி விட்டுவிட்ட சுவர்கள். நாய்கூட இல்லை.

"திரும்பிடலாமா டீச்சர்? இங்க பெருக்கினா பேய்தான் பாராட்டணும்."

"நிறுத்து."

இடது பக்கம் ஒரு மண் சாலை பிரிந்தது. அதன் வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள், மன்ற அலுவலகத்திலிருந்து தூக்கி வந்தவை. சாலையில் ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றின் கோடுகள் தலை வாரியது போல ஒரே சீராக ஓடின. அதன் மேல் ஒரே ஒரு காரின் சக்கரத் தடம், போனதும் வந்ததும். இரண்டு ஓரங்களிலும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, வெள்ளைக் கோடு.

சோடா பலமாகத் தும்மினான். அந்த வெறுமையில் தும்மல் எதிரொலித்து அவனையே பயமுறுத்தியது.

"யாருமே வராத ரோட்டுக்கு ராஜ மரியாதை," என்றான். "மேடம் இங்க வரப் போறாங்கன்னு யாரோ முன்னாடியே சொல்லியிருக்காங்க. தலைவர்தான், வேற யாரு?"

டீச்சர் குனிந்து அந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு முகர்ந்தார். மூக்கைச் சுருக்கினார். அவர் முகம் மாறியது.

"வண்டியை எடு. வேகமா."

சாலை ஒரு சாம்பல் நிறக் கட்டடத்தில் போய் முடிந்தது. நீரேற்று நிலையம். கதவில் புதுப் பூட்டு. கட்டடத்தை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு கான்கிரீட் தளம், அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வலை. நிலத்தடித் தொட்டிக்குக் காற்றுப் போக வைத்தது.

டீச்சர் மண்டியிட்டு வலைக்குள் வாயை வைத்தார். "மேடம்! உள்ள இருக்கீங்களா?"

கீழே இருட்டு. எதுவும் அசையவில்லை. பிறகு, வெகு ஆழத்தில், தொண்டை வறண்ட ஒரு குரல்.

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர் அனுப்பினார்!"

"அவர் சாப்பிட்டாரா?" என்றது குரல்.

சோடாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஸ்கூட்டருக்கு ஓடி, டயர் கழற்றும் கம்பியோடு வந்து பூட்டின் மேல் பாய்ந்தான். டீச்சர் அதற்குள் மேற்பார்வையாளரைக் கைபேசியில் பிடித்துவிட்டார். பின்னணியில் ஒலிபெருக்கி இரைந்தது.

"நீரேற்று நிலைய ரோட்டுல பவுடர் போட்டது நீங்கதானே? யாருக்காகப் போட்டீங்க?"

"அதுவாம்மா? நேத்துக் காலைல பெரியவர் சும்மா கேட்டார், 'அந்தப் பம்ப் ஹவுஸ் ரோட்டுல கார் போகுமா?'ன்னு. மதிப்பீட்டாளர் கேட்டா அது கேள்வியாம்மா? உத்தரவு! உடனே ஆளை விட்டுப் பெருக்கி, தொட்டி வெச்சு, பவுடர் கோடு போட்டேன். அவருக்குக் கோடு இல்லன்னா மனசு நிறையாது. போன வருஷம் நான் போட்ட கோட்டைப் பார்த்தே காரை விட்டு இறங்காம மார்க் போட்டவர்! சாவியையும் கேட்காமலே கொண்டு போய்க் கார்ல வெச்சேன். 'இவ்வளவு செய்யணுமா?'ன்னார். முகமே மாறிப் போச்சு. சந்தோஷம்!"

சோடாவின் கை பூட்டின் மேல் நின்றுவிட்டது. "பெரியவரா? டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அந்த..."

"மேடத்துக்காகப் போட்டிருந்தா பவுடர் இருக்காது, சோடா. பவுடர் இருந்தா அது அவருக்காக." டீச்சர் கைபேசியில் கத்தினார். "இப்ப அங்க என்ன நடக்குது?"

"தலைவர் பட்டன் கிட்டப் போறாரும்மா. நாலரை ஆச்சே."

பெரியவர் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது. நல்ல காரியம் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. தன் கையால் ஒரு ஈயைக்கூட அடிக்காத மனிதர். பட்டனை அழுத்துவது வேறொருவர். அழுத்துகிறவருக்கே தெரியாது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

"நிறுத்துங்க! தொட்டிக்குள்ள ஆள் இருக்கு! தலைவர்கிட்ட சொல்லுங்க!"

"என்னம்மா? கேக்கல! பேண்டு வாசிக்கிறான்! நான் எப்படிம்மா மேடை ஏறுவேன், சிறப்பு விருந்தினர் இருக்கார்..."

"சோடா, உடை!"

சோடா கம்பியைப் பூட்டுக்குள் மாட்டி மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டான். கம்பி வளைந்தது. பூட்டு அசையவில்லை.

கைபேசியில் கைதட்டல் வெடித்தது.

அதே நொடியில் கட்டடத்துக்குள் ஏதோ உறுமியது. மோட்டார். தரை அதிர்ந்தது. கம்பி வலையில் படிந்திருந்த தூசி நடுங்கியது.

"மேடம்! சுவரோரமா ஏதாவது ஏணி இருக்கா? மேல ஏறுங்க!"

கீழிருந்து வந்த பதிலை மோட்டார் விழுங்கிவிட்டது.

"தண்ணி வந்துடுச்சும்மா!" என்று கைபேசியில் மேற்பார்வையாளர் ஆனந்தக் கூத்தாடினார். "ஊத்து அடிக்குது! ஆள் உயரத்துக்கு அடிக்குது! கண்கொள்ளாக் காட்சி!"

டீச்சர் கைபேசியைத் தரையில் போட்டுவிட்டு அவரும் கம்பியைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். பூட்டு விடவில்லை. அது மாட்டியிருந்த தாழ்ப்பாள் சுவரோடு பெயர்ந்து வந்தது. நிறைய மணல், கொஞ்சம் சிமெண்டு. கதவு திறந்தது.

உள்ளே மோட்டார் அலறியது. கருகிய வாடை. தரையில் ஓர் இரும்பு மூடி, மேலே தாழிட்டிருந்தது. சோடா தாழை இழுத்து மூடியைத் தூக்கினான். டார்ச்சை உள்ளே அடித்தான். பார்க்கத் துணியாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

தொட்டியின் அடியில், தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, மார்க் மேடம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித் தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

"அந்த மோட்டாரை அணைங்க முதல்ல. காது வலிக்குது," என்றார்.

சோடா தட்டுத்தடுமாறி ஒரு பிடியைக் கீழே இழுத்தான். உறுமல் அடங்கியது.

"தண்ணி..." என்றான் சோடா. "தண்ணி வரலையே?"

"எப்படி வரும்?" மேடம் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய குழாயின் வாய் தெரிந்தது. வாயில் ஓரம் கிழிந்த ஒரு சிலந்தி வலை, நடுவில் குண்டாக ஒரு சிலந்தி. "விடிஞ்சதும் மேல இருக்கிற கம்பி வலை வழியா கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. குழாய்க்குள்ள கையை விட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு அப்புறம் மண்ணு. குழாய் இந்தச் சுவரோட சரி. ஆத்துப் பக்கம் எதுவுமே போகல."

டீச்சர் மெதுவாக மூடியின் விளிம்பில் உட்கார்ந்தார். மேடைக்குப் பின்னால் நின்ற லாரி இப்போது மனதின் மூலையிலிருந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது.

"குழாயே இல்லங்கிறது பெரியவருக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாது," என்றார் மேடம். "நேத்து நான் அவர்கிட்டக் கேட்டேன், 'ஐயா, எந்த வீட்டுக் குழாய்லயும் தண்ணி வரலையே, எதை வெச்சு இருபது போட்டீங்க?'ன்னு. 'வாம்மா, நானே காட்டறேன்'னு கூட்டிட்டு வந்தார். ரோட்டுல கோட்டைப் பார்த்ததும் எனக்காகப் போட்டதில்லன்னு தெரிஞ்சுது. 'பழைய பாசம்மா'ன்னு சிரிச்சார். உள்ள இறங்கினதும் ஏணியை இழுத்துட்டார். இறங்கறதுக்கு முன்னாடியே பையை மேல வெச்சுடச் சொன்னார், நான் போனை மட்டும் அவர் கையில கொடுத்திருந்தேன். மூடி விழுந்தது."

"கொல்லத் துணிஞ்சவர் குழாயை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்," என்றான் சோடா.

"எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தா போன வருஷமே பார்த்திருப்பாரே." டீச்சர் சுவரோரம் சாய்த்திருந்த ஏணியை உள்ளே இறக்கினார். "தான் போட்ட மார்க்கைத் தானே நம்பிட்டார்."

*

ஐந்து மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. கூடம் நிரம்பி வழிந்தது. நீரூற்று சிறப்பு விருந்தினர் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் கைபேசியில் அதோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் பெரியவர் பல் டாக்டரின் கையை இன்னும் பிடித்திருந்தார். காலியான தனி நாற்காலியை ஒரு முறை பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"விதிப்படி," என்று மைக்கில் தொடங்கினார், "மதிப்பீட்டாளர் வரவில்லையென்றால் சென்ற ஆண்டின்..."

பின் கதவு திறந்தது.

கூடத்தில் இருந்த எல்லோரும் உள்ளே வந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். கலைந்த தலை, வெடித்த உதடு. பெரியவர் மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வை நேராக மேடத்தின் காலுக்குப் போனது. செருப்பு காய்ந்து, தூசி படிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மெல்லத் திரும்பி நீரூற்றைப் பார்த்தார். மறுபடி செருப்பை.

அந்தப் பார்வையை டீச்சர் கதவருகே நின்று பார்த்தார். அவர் வழியிலேயே வரவழைத்திருந்த, 'நாளைக்கு வாங்க' என்று சொன்ன அதே இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் நின்று பார்த்தார். பல் டாக்டரும் பார்த்தார். அவர் கை இப்போது நடுங்கவில்லை. பெரியவர் கொடுத்த கைக்குட்டையை மடித்து, அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் மேடம் கணவரிடம், போகிற போக்கில். "வேலையை முடிச்சுட்டு வர்றேன்."

தனி நாற்காலியின் தூசியை அவரே கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். மணி ஐந்து அடித்தது.

"கட்டடங்களோட தரத்துல நான் முதல்ல குறைக்க வேண்டாம்னு நினைச்சேன்," என்றார். "நீரேற்று நிலையக் கதவோட சுவர்ல சிமெண்டே இல்ல. அதனாலதான் அது சீக்கிரம் உடைஞ்சு என்னை வெளியில எடுத்தாங்க. ஆனாலும் குறைச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. மன்றத் தலைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எந்தச் சுவர், எந்த வெளியில் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் தன் விரல் அழுத்திய பச்சைப் பட்டனை ஏனோ ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"குடிநீர் விநியோகம்." மேடம் பெரியவரைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இப்போது காக்கி உடுப்புகள் நின்றன. "சென்ற ஆண்டு இருபதுக்கு இருபது. இந்த ஆண்டு இருபதுக்குப் பூஜ்யம். இந்த ஊர்ல தண்ணி வந்திருந்தா நான் இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டேன். அதுக்காக நன்றி சொல்லலாம். மார்க் போட முடியாது."

மேடைக்குப் பின்னால் ஒரு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நீரூற்று ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, பிறகு நின்றது.